இரண்டு எம்.பி.க்களுக்கும் ஒரு திறந்த மடல்: காலநிலைக் கொள்கையை எங்கள் போர்வெல்லில் இறக்கிப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவருக்கும் வணக்கம்.

காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோனால் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் தொழில். நாட்டின் காலநிலைக் கொள்கை எந்தெந்தத் துறையைத் தொடுகிறது, எதை விட்டுவிட்டது, மொத்தத்தில் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்று உங்களுக்கு எழுதவேண்டும் என ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் கட்டுகிறவனுக்கும் இதற்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலையைக் கேட்டிருக்கிறேன்.

உலக நாடுகள் காலநிலைக்காக என்ன செய்கின்றன என்று வருடாவருடம் தரவரிசை போடுகிறார்கள், சிசிபிஐ என்று பெயர். முதல் மூன்று இடங்களுக்கு எந்த நாடும் தகுதி இல்லை என்று காலியாகவே விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலில் 2025க்கு நமக்குப் பத்தாம் இடம், 2026க்கு இருபத்து மூன்றாம் இடம். இதே நேரத்தில் கிளைமேட் ஆக்‌ஷன் டிராக்கர் என்ற இன்னொரு குழு, இந்தியாவின் செயல்பாடு ‘மிகவும் போதாது’ என்று எழுதிவைத்திருக்கிறது. ஒருவர் பத்தாவது இடம் என்கிறார், இன்னொருவர் போதாது என்கிறார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சிசிபிஐ போடுகிற மதிப்பெண்ணில் 40 சதவீதம் பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்துக்கு, 20 புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு, 20 ஆற்றல் பயன்பாட்டுக்கு, மீதி 20 மட்டும்தான் கொள்கைக்கு. நம் நாட்டில் தலைக்கு எரிக்கும் மின்சாரமும் டீசலும் குறைவு, அதனால் மதிப்பெண் ஏறுகிறது. பென்னாகரம் பக்கம் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடுகிற வீடும் அந்தக் ‘குறைவு’க்குள்தான் இருக்கிறது. வறுமையால் குறைந்ததற்கும் கொள்கையால் குறைந்ததற்கும் ஒரே மதிப்பெண் போட்டால் நம் கொள்கை எப்படி இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு முறை இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2022ல் வெளியிட்டது. ஐம்பத்தாறு வகைக் கொள்கைகளைத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், இருப்பது எவ்வளவு கடுமையானது என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் முதலில் வந்த வடிவத்தில் மின்சாரம், தொழில், போக்குவரத்து, கட்டடம் என்று நான்கு துறைகள்தான் இருந்தன. விவசாயம் இல்லை, காடு இல்லை, கழிவு இல்லை. நம் இரண்டு மாவட்டத்தில் விவசாயத்தையும் காட்டையும் எடுத்துவிட்டால் ஓசூர் சிப்காட்டும் தேசிய நெடுஞ்சாலையும்தான் மிச்சம்.

சரி, நம் அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020ஆம் வருட வெளியேற்றத்தில் ஆற்றல் துறைக்கு 75.66 சதவீதம், விவசாயத்துக்கு 13.72, தொழிற்சாலைச் செயல்முறைகளுக்கு 8.06, கழிவுக்கு 2.56. இந்த நான்கு எண்ணையும் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, என் கடைக்கு வருகிற மோட்டார் இதில் எங்கே இருக்கிறது என்றுதான். நெல்லுக்கும் தக்காளிக்கும் மல்லிகைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் இழுக்கும் மின்சாரம் விவசாயக் கணக்கில் வராது, ஆற்றல் கணக்கில்தான் வரும். நாடு முழுக்க விற்பனையாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. விவசாயத்தைப் பார்க்கிற அதிகாரி, அது மின்சாரத் துறையின் விஷயம் என்பார். மின்சாரத்தைப் பார்க்கிறவர், அது விவசாயிக்குக் கொடுத்த சலுகை, தொட முடியாது என்பார். நிலத்தடி நீரைப் பார்க்கிறவர் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறார்.

கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு பெரியவர் டாடா ஏஸில் 12.5 குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் ராத்திரியே வண்டி வைத்துப் பைப்பைத் தூக்கியிருக்கிறார்கள், ஆயிரத்து நூறு அடி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “தம்பி, நாளைக்குக் காலையில இறக்கியாகணும், தக்காளி பூவெடுத்திருக்கு, ரெண்டு நாள் தண்ணி காட்டலன்னா எல்லாம் போச்சு” என்றார். மூடியைக் கழற்றும்போதே கருகிய வாடை அடித்தது. மூன்று ஃபேஸில் இரண்டில் காயில் கரியாகிக் கிடந்தது. வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதே பாரத்தை இழுக்க அதிக ஆம்ப்ஸ் எடுக்கும், கம்பி சூடாகும், மேலுறை உருகும், அப்புறம் ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், அதோடு முடிந்தது. கீழே த்ரஸ்ட் பேரிங்கும் தேய்ந்திருந்தது. தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போய்விட்டு, கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியிருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைப்பதுதான் இங்கே எல்லோர் தோட்டத்திலும் வழக்கம்.

அந்த ஒரு மோட்டாருக்குள் எத்தனை கொள்கை இருக்கிறது என்று பாருங்கள். பம்புசெட்டுக்கு நட்சத்திரக் குறியீடு இருக்கிறது, நட்சத்திரம் கூடினால் அதே தண்ணீருக்குக் குறைந்த மின்சாரம். ஆனால் மின்சாரத்துக்குக் காசு கட்டாத விவசாயி அதிக விலை கொடுத்து அதை ஏன் வாங்குவார்? அவருக்கு வேண்டியது வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தாங்குகிற மோட்டார். எரிந்தால் என்னிடம் கொண்டுவருவார். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் திரும்பக் கட்டிய மோட்டாரின் திறன் கொஞ்சம் குறையத்தான் செய்யும், நாலாவது முறை கட்டின மோட்டாரெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆழம் இரண்டு மடங்கானால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க ஆகும் மின்சாரமும் இரண்டு மடங்கு, இது எந்த அமைச்சகமும் மாற்ற முடியாத கணக்கு. என் கடை நோட்டில் தேதி, ஊர், குதிரைத்திறன், ஆழம் நான்கும் எழுதிவைப்பது வழக்கம். ஆரம்ப நோட்டுகளில் ஐந்தும் ஏழரையும்தான், ஆழம் முந்நூறு, நானூறு அடி. இப்போது பத்து, பன்னிரண்டரை, பதினைந்து. ஆயிரம் அடிக்குக் குறைந்து யாராவது சொன்னால் நானே நிமிர்ந்து பார்க்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இலவச மின்சாரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. 1990லிருந்து விவசாயிகள் எல்லோருக்கும் அது கிடைக்கிறது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன, அது இல்லாவிட்டால் எங்கள் பக்கம் பாதிப் பேர் நிலத்தைப் போட்டுவிட்டு பெங்களூரு கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், ஏற்கனவே அப்படிப் போனவர்கள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். காவிரி ஓகேனக்கல்லில் எங்கள் கண்ணெதிரே விழுந்து போகிறது, உபரி நீரையாவது ஏரிகளுக்குத் திருப்புங்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள் என்று தருமபுரி எம்.பி.க்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாய்க்கால் இல்லாத மாவட்டத்துக்கு மின்சாரம்தான் வாய்க்கால். அதனால்தான் சொல்கிறேன், மின்சாரக் கொள்கையை மட்டும் தனியாக மதிப்பிட்டால் ‘மானியம் அதிகம், குறை’ என்று வரும், விவசாயக் கொள்கையை மட்டும் தனியாக மதிப்பிட்டால் ‘விவசாயிக்கு உதவி, நல்லது’ என்று வரும். இரண்டு மதிப்பீடும் ஆயிரத்து நூறு அடியில் இருக்கிற தண்ணீரைப் பார்க்கவில்லை.

தண்ணீருக்கு என்ன கொள்கை இருக்கிறது? 2008 ஜூன் 30ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள். சூரிய சக்தி, எரிசக்தித் திறன், நிலைத்த குடியிருப்பு, நீர், இமயமலை, பசுமை இந்தியா, நிலைத்த விவசாயம், அறிவு சேகரிப்பு. நீருக்கென்றே ஒரு இயக்கம் இருப்பதால், துறைவாரிக் கட்டத்தில் அந்த இடத்தில் டிக் விழுந்துவிடும். தமிழ்நாட்டில் 2003ல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், நடைமுறைக்கே வராமல் 2013ல் அது ரத்தானது. நம் மாவட்டங்களின் பல பிர்காக்கள், அதாவது சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதிகள், அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று அரசின் நிலத்தடி நீர்க் கணக்கே சொல்கிறது. ஆக, தண்ணீர் இறங்குவதை அளக்கிறோம், அறிக்கை வருகிறது, ஆனால் அதற்கு மேல் யாரையும் கட்டுப்படுத்துகிற, அல்லது யாருக்காவது கைகொடுக்கிற ஒன்று இல்லை. கருங்கல் பாறை இடுக்கிலிருந்து வரும் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் காவி படிந்து, முட்டி வளைந்து, என்ன நோய் என்றே தெரியாமல் ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது. அதற்காகத்தான் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது. நல்ல திட்டம், எங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீர்தான் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரும் காவிரியிலிருந்து மேட்டுக்கு மோட்டார் வைத்து ஏற்றிக்கொண்டு வருவதுதான். குடிநீர், சுகாதாரம், மின்சாரம் மூன்றும் ஒரே குழாயில் ஓடுகிறது, மதிப்பிடும்போது மட்டும் மூன்று தனித்தனிக் கோப்பு.

விவசாயிக்குச் சூரிய சக்தி பம்பு வாங்க மானியம் தருகிற பி.எம். குசும் திட்டம் 2019ல் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், என் தொழில் குறையும் என்று தெரிந்தும். சூரிய சக்தி பம்பு பகலில் ஓடும், ராத்திரி விழிக்க வேண்டாம், பாம்புக்குப் பயப்படவேண்டாம். ஆனால் அந்தத் திட்டத்தில் பொதுவாக ஏழரைக் குதிரைத்திறன் வரைக்கும்தான் மத்திய மானியக் கணக்கு. ஆயிரம் அடியிலிருந்து தூக்க அது எங்கே போதும்? கிணற்றுப் பாசனம் மிச்சமிருக்கிற ஊருக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது. அப்புறம், ஏழரை போதுகிற இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெயில் இருக்கிற வரைக்கும் பம்பு ஓடும், நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மின்சாரத் துறையின் கட்டத்தில் இது நூற்றுக்கு நூறு, கரி இல்லாத மின்சாரம். நீர்த் துறையின் கட்டத்தில் இது எவ்வளவு? சொட்டுநீர் கட்டாயமா, எவ்வளவு இறைக்கலாம், மிஞ்சிய மின்சாரத்தை லைனுக்குக் கொடுத்தால் விவசாயிக்குக் காசு வருமா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் இது நல்ல கொள்கையா என்று சொல்ல முடியும். மிஞ்சியதை விற்கிற வழி அந்தத் திட்டத்திலேயே ஒரு பிரிவாக இருக்கிறது. தண்ணீரை மிச்சம் பிடித்தால் காசு என்று விவசாயிக்கு ஒரு காரணம் கொடுக்கிற ஒரே இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது, எங்கள் பக்கம் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் விசாரித்தால் யாருக்கும் அதைப் பற்றித் தெரியவில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போதே பெரிய கணக்கையும் சொல்லிவிடலாம். 2030க்குள் மின் நிறுவு திறனில் பாதி புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து என்று 2022 ஆகஸ்டில் உறுதி கொடுத்தோம், 2025லேயே அதை எட்டிவிட்டோம். உண்மையிலேயே பெரிய சாதனை, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. என் கடையில் பத்து மோட்டார் இருக்கிறது என்பதும் பத்தும் ஓடுகிறது என்பதும் ஒன்றா? உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. நிலக்கரிக்கு 2010ல் டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் வரி போட்டார்கள், 2016ல் அது 400 ஆனது, மாற்று எரிசக்திக்குப் பணம் சேர்க்கத்தான். 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குப் போய்விட்டது. வரி இருந்தது, பெயரும் அளவும் இருந்தது, எதற்காக வந்ததோ அந்த வேலை மட்டும் நின்றது. டிக் போடுகிறவர் கையில் பட்டியல் இருந்தால் இது எல்லா வருடமும் டிக் வாங்கியிருக்கும்.

விவசாயத்தில் நம் நாடு எடுத்த நிலைப்பாடு எனக்கு ஒரு வகையில் சரியாகத்தான் படுகிறது. 2020க்கான முதல் உறுதிமொழியிலேயே விவசாய வெளியேற்றத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்றோம், 2021ல் கிளாஸ்கோவில் வந்த மீத்தேன் உடன்பாட்டிலும் சேரவில்லை. இரண்டு மாடு வைத்திருக்கிறவரிடம் போய் மாடு விடும் வாயுவுக்குக் கணக்குக் கேட்பது அநியாயம். ஆனால் வெளியேற்றத்தைக் கேட்கமாட்டோம் என்று விட்டதோடு, வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் அவரைக் காப்பாற்றுகிற பக்கத்தையும் அரைகுறையாக விட்டுவிட்டோம். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். 2024 வெயிலில் பிஞ்சு உதிர்ந்தது. 2025ல் காய் பிடித்தது, விலை விழுந்தது, பெங்களூரா ரகத்துக்குப் பறிகூலிகூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டினார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வன அளவை நிறுவனம் போடுகிற கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரநிழல் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது யாருடைய நிலமாக இருந்தாலும், மாந்தோப்பாக இருந்தாலும், காட்டுப் பரப்பில் சேரும். 250லிருந்து 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக மரத்தில் பிடித்துவைப்போம் என்று 2015ல் உலகத்துக்குச் சொன்ன உறுதியில், போச்சம்பள்ளி பக்கத்துத் தோப்புகளும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றன. விலை கிடைக்காத விவசாயி நாளைக்குத் தோப்பை வெட்டி மனை போட்டால், அது வேளாண் விற்பனைத் துறையின் தோல்வியா, வனத்துறையின் கணக்குக் குறைவா? மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் கொள்முதல் விலை காலநிலைக் கொள்கைதான் என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

நல்லதும் ஒன்று சொல்கிறேன், இது எங்கள் மாவட்டத்தில் நடந்தது. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். மானாவாரியில் விளைகிற பயிர், போர்வெல் வேண்டாம். அரசே விவசாயியிடம் கொள்முதல் செய்கிறது, எங்கள் வீட்டில் எப்போதும் கிண்டுகிற களிக்கு மாவு ரேஷனிலேயே வருகிறது, அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவருக்கும் நல்லது. ஒரு இரண்டு கிலோ பையில் விவசாயம், நீர், மின்சாரம், உணவு, சுகாதாரம் ஐந்தும் சேர்ந்து நிற்கிறது. எந்தக் காலநிலைப் பட்டியலிலும் இதைப் பெரிதாகப் பேசி நான் பார்க்கவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் 2021ல் வந்ததும் அப்படித்தான், எத்தனை பேர் டூவீலரைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு வந்தார்கள் என்று போக்குவரத்துக் கொள்கையை எடைபோடுகிறவர்கள் பார்க்கவேண்டும். முழுமையாக மதிப்பிடுவது என்றால் விட்டுப்போனதைத் தேடுவதோடு, இப்படி வேறு பெயரில் நடக்கிற நல்லதையும் உள்ளே கொண்டுவரவேண்டும்.

போக்குவரத்து என்றதும் ஓசூரும் போச்சம்பள்ளியும் ஞாபகம் வரும். மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கிற பெரிய தொழிற்சாலைகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 2015லிருந்து ஃபேம், ஃபேம் இரண்டு, 2024ல் பி.எம். இ-டிரைவ் என்று மின்வண்டிக்கு மானியம் தொடர்ந்து வந்தது, இந்தக் கட்டத்துக்கு நல்ல மதிப்பெண் போடலாம். ஆனால் ஊர்களுக்கு மின்சார பஸ் கொடுக்கிற பி.எம். இ-பஸ் சேவா திட்டம் 2023ல் வந்தபோது 2011 கணக்குப்படி மூன்று லட்சம் மக்களுக்கு மேல் உள்ள ஊர்களுக்குத்தான் என்றார்கள். ஓசூருக்குக்கூட அந்த எண்ணிக்கை எட்டவில்லை, தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களைக் கேட்கவே வேண்டாம். மின்வண்டி செய்கிற மாவட்டத்தில் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் டீசல் பஸ்ஸில்தான் போகிறார்கள். அப்புறம் ரயில். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரைக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். மொரப்பூர் தருமபுரி பாதைக்கு 2019ல் திரும்ப அடிக்கல் நாட்டினார்கள், இன்னும் ரயில் ஓடவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரத்தில் இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. தொப்பூர் கணவாயில் வரிசையாக இறங்குகிற லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தோன்றும்.

தொழில்துறையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. பெரிய சிமென்ட், இரும்பு ஆலைகளுக்கு 2012லிருந்து எரிசக்தி இலக்கு இருக்கிறது, 2023ல் கரிமச் சந்தைக்கும் விதி வந்துவிட்டது. எங்கள் ஊர் கிரானைட் பட்டறை, செங்கல் சூளை, என் மாதிரிக் கடைகளுக்கெல்லாம் அதில் இடமில்லை, கட்டாயம் வேண்டாம், கடனும் கருவியுமாவது கிடைத்தால் போதும்.

வெயிலையும் மழையையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 2024 டிசம்பர் முதல் தேதி ராத்திரி, ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் ஊத்தங்கரை! பஸ் நிலையம் பக்கம் நின்ற வண்டிகள் காகிதக் கப்பல் மாதிரி அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். அதற்கு அடுத்த வாரம் முழுக்க என் கடைக்கு வந்தவை எரிந்த மோட்டார்கள் கிடையாது, சேறு புகுந்த மோட்டார்களும் ஸ்டார்ட்டர் பெட்டிகளும். புயல் என்றால் கடலோர மாவட்டம் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். வெயிலுக்கு வந்தால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் என்று சொன்னது. மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் வெப்ப அலை இல்லை, அதனால் மாநிலம் தன் பேரிடர் நிதியில் பத்து சதவீத வரம்புக்குள்தான் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளவேண்டும். உச்சிவெயிலில் கிரானைட் குவாரியில் நிற்கிறவருக்கும், தக்காளி பறிக்கிற அம்மாவுக்கும் இது எந்தத் துறை? தொழிலாளர் நலமா, சுகாதாரமா, பேரிடரா? மூன்று பேரும் பக்கத்து மேசையைக் காட்டுகிற இடங்களைத்தான் மதிப்பீடு முதலில் தேடவேண்டும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு, திஷா என்று சொல்வார்களே, அதற்குத் தலைவர் எம்.பி.தான். மத்திய அரசுத் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்கிற குழு. மின்சாரம், குடிநீர், பாசனம், வீடு, சாலை, பயிர்க் காப்பீடு என்று வரிசையாக ஒவ்வொரு துறை அதிகாரியும் எழுந்து படித்துவிட்டு உட்காருவார். டெல்லியில் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கிற துறைகளெல்லாம் ஒரே அறையில் உட்காருகிற இடம் இது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, ஆட்சியர்தான் அதை நடத்துகிறவர், மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். திஷா குழுவுக்கும் ஆட்சியர்தான் செயலாளர். ஆக இரண்டையும் சேர்க்கப் புதிதாக ஆள் தேடவேண்டியதில்லை. காலநிலை அலுவலர் வனத்துறையிலிருந்து வருவதால் பேச்சு மரக்கன்றோடு நின்றுவிடக்கூடாது என்பது மட்டும் என் கவலை.

அடுத்த திஷா கூட்டத்தில் ஒரு பிர்காவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரிமங்கலமோ, ஊத்தங்கரையோ, தளியோ, உங்கள் விருப்பம். அந்த ஒரு பிர்காவில் மின்சாரம், தண்ணீர், விவசாயம், தொழில், போக்குவரத்து, வீடு, காடு, கழிவு, சுகாதாரம், பேரிடர் ஒவ்வொன்றுக்கும் என்ன கொள்கை இருக்கிறது, அது சட்டமா திட்டமா வெறும் அறிவிப்பா, பணம் எவ்வளவு வந்தது, யார் அளக்கிறார்கள், அதனால் இன்னொரு துறைக்கு நல்லதா கெட்டதா என்று ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். காலியாக இருக்கிற கட்டத்தைக் காலியாகவே விடச் சொல்லுங்கள், எதையாவது எழுதி நிரப்பவேண்டாம். அந்தத் தாளை ஊருக்குப் பொதுவில் ஒட்டுங்கள். அதிலிருந்து எழுகிற கேள்விகளை மக்களவையில் கேளுங்கள். குசும் திட்டத்தின் குதிரைத்திறன் வரம்பு ஆழமான பகுதிகளுக்கு மாறுமா, வெப்ப அலை மத்தியப் பட்டியலில் எப்போது சேரும், மூன்று லட்சத்துக்குக் குறைந்த தொழில் நகரங்களுக்கு மின்சார பஸ் உண்டா, நாட்டின் எல்லாத் துறைகளுக்கும் இப்படி ஒரு தாளை வருடாவருடம் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைக்குமா? நீங்கள் இருவரும் சேர்ந்து கேட்டால் இரண்டு மாவட்டத்தின் கேள்வியாக அது நிற்கும்.

ஆழமும் குதிரைத்திறனும் எழுதின என் நோட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஓரத்தில் கிரீஸ் கறை இருக்கும், எழுத்து புரியும். பேரை மட்டும் மறைத்துவிட்டு ஊரும் அளவும் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கூட்டம், எந்தத் தேதி என்று சொன்னால் கடையை மூடிவிட்டு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
காரிமங்கலம் பக்கத்திலிருந்து
மோட்டார் காயில் கட்டுகிற ஒருவன்